அடுத்ததுக்கு இடம்

மகள் இறந்த பிறகும் மாமனார் மருமகன் வீட்டிலேயே இருந்தார். தெருவில் உள்ளவர்களுக்கு இது புதிராக இருந்தது. நடுவில் இருந்த கண்ணியே அறுந்துபோன பிறகு இரண்டு முனைக்கும் என்ன உறவு என்று பேசிக்கொண்டார்கள். அந்த இருவருக்கும் அந்தக் கேள்வி வராமல் இல்லை. ஆனால் அதை முதலில் வாய்விட்டுக் கேட்க இருவருமே தயாராக இல்லை. மாமனார் காலையில் தேநீர் போட்டார். மருமகன் சமைத்தான். காயப்போட்ட துணியை யார் முதலில் பார்த்தார்களோ அவர்கள் எடுத்து மடித்தார்கள்.

அவள் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் வேலை பார்த்தவள். விழுந்தவர்களைத் திரும்ப நடக்க வைப்பதுதான் அவள் வேலை. ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவள் குழாயடியிலேயே விழுந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அதற்கு முன்பு அவளுக்கு ஒரு தலைவலி வந்ததாகக்கூட யாருக்கும் நினைவில்லை. குழந்தை இல்லை. அம்மா முன்பே போய்விட்டாள். ஆக, அவளுக்காக அழ மிச்சமிருந்தவர்கள் இந்த இருவர்தான்.

மருமகன் வீடியோ எடிட்டிங் செய்பவன். வெட்டுவதும் ஒட்டுவதுமே பிழைப்பு என்பதால் தொழிலில் அவனுக்குக் கத்திரி என்று பெயர். வீட்டு முன்னறைதான் அவன் வேலையிடம். வாடகைக்கோ இரவலுக்கோ புதுக் கேமரா எது கைக்கு வந்தாலும் அவன் முதலில் அதைத் திருப்பியது மனைவி பக்கம்தான். வெளிச்சம் எப்படி விழுகிறது, நிறம் எப்படி வருகிறது என்று பார்க்கத்தான். அவள் வெங்காயம் உரிப்பாள், செருப்பைத் தேடுவாள், "எடுத்தது போதும், போய்ப் பால் வாங்கிட்டு வா" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த இப்படிப்பட்ட துண்டுப் படங்கள் ஒரு ஹார்டு டிஸ்க் நிறைய இருந்தன. அவள் உயிரோடு இருந்தபோது அவற்றை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அவள் போன பிறகு மாமனார் தினமும் காலையில் தேநீரோடு முன்னறைக்கு வந்து, கத்திரியின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவார்.

"இன்னைக்கு ஒண்ணு போடுங்களேன் மாப்பிள்ளை."

கத்திரி ஒன்றைப் போடுவான். இருவரும் பார்ப்பார்கள். முடிந்ததும் அவர் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பின்பக்கப் பால்கனியில் பழைய துண்டைப் போர்த்திவிட்டு மகள் அவருக்கு முடிவெட்டும் படம். "ஆடாம இருங்கப்பா, காது போயிடும்" என்பாள் அவள். "போனா போகட்டும், உன் பேச்சைக் கேக்காம நிம்மதியா இருப்பேன்" என்பார் இவர். அதற்கு அவள் சிரிக்கிற சிரிப்பில் கேமராவைப் பிடித்திருந்த கத்திரியின் கையும் ஆடியிருக்கும். அவள் இறப்பதற்கு முந்தைய மாதம் எடுத்தது அது.

கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது. புதுக் கேமராக்களின் படங்களை அதில் ஏற்றினால் மூச்சுத்திணறி நின்றது. ஒரு வெட்டு வெட்டிவிட்டு, அது திரையில் வருவதற்குள் போய் ஒரு குளியல் போட்டுவிட்டு வரலாம். அவனுக்கு வேலை தருகிற நிறுவனத்தின் மேனேஜர் இரண்டு முறை ஜாடையாகச் சொல்லிவிட்டு, மூன்றாவது முறை நேரடியாகவே சொன்னார்: "நல்ல மெஷின் வச்சிருக்கறவங்க வெளிய நிறையப் பேரு இருக்காங்க தம்பி."

புதிதாக ஒன்றை முழுசாக வாங்க வசதியில்லை. பாகம் பாகமாகப் பொறுக்கி வாங்கித் தானே பூட்டுவது என்று கத்திரி முடிவு செய்தான். இதைக் கேட்டதும் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வேலைக்காலம் முழுக்கப் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். மகள் போன பிறகு எதிலும் ஒட்டாமல் இருந்த மனிதர், பூட்டுவது என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இதுல எஞ்சின் எது, சேசிஸ் எது, அதச் சொல்லுங்க முதல்ல."

"பிராசஸர்தான் எஞ்சின் மாமா. மதர்போர்டு சேசிஸ் மாதிரி. எல்லாத்தையும் அதுலதான் பூட்டணும்."

"அப்ப சேசிஸ்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. எஞ்சினை என்னைக்கு வேணா இறக்கி ஏத்தலாம்."

"அதேதான் என் யோசனையும். போர்டும் பவர் சப்ளையும் நல்லதா வாங்கிடுவோம். இப்போதைக்குச் சின்னப் பிராசஸர். ரெண்டு மூணு வருஷம் கழிச்சுப் பெரிசு விலை இறங்குனதும் இதே போர்டுல மாட்டிக்கலாம். ராம்ங்கற மெமரிப் பட்டைக்கு நாலு குழி இருக்கும், இப்ப ரெண்டுல மட்டும் போடறோம். அடுத்ததுக்கு இடம் இருக்கணும், அவ்வளவுதான்."

"சின்ன எஞ்சினை வச்சு உங்க பாரம் இழுக்குமா?"

கத்திரி சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு அந்த அறையில் கேட்ட சிரிப்பு. "கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல ஏத்தி ஓட்டப்போறோம் மாமா. ஓவர்கிளாக்னு சொல்வாங்க. சூடு கூடும். அதுக்குத் தோதா பெரிய ஃபேன் போட்டுட்டா சின்னது பெரிசோட வேலையைச் செய்யும்."

"வேகத்தை அடக்கற கவர்னரைக் கழட்டிட்டு ஓட்டறது!" என்றார் மாமனார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நாங்க பண்ணாததா? மேட்டுல ஏறாத வண்டியெல்லாம் என் கைபட்டுப் பறந்திருக்கு."

அன்று சாயங்காலம் கத்திரியின் அக்கா போனில் கூப்பிட்டாள். அவன் அடுக்களையில் நின்று பேசினான். கைக்கு மாவு ஒட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"எத்தனை நாளைக்குடா மாமனாருக்கு ஆக்கிப் போட்டுட்டு உக்காந்திருப்ப? நான் பாத்து வச்சிருக்கற அந்தப் பொண்ணு லேப்ல வேலை பாக்குது. அதுக்கும் ஒரு தடவை வாழ்க்கை உடைஞ்சதுதான். உன்னைப் பத்தி எல்லாம் சொல்லிட்டேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

"இப்ப வேணாங்க்கா."

"இப்ப வேணாம்னா, அப்புறம் வேணுமா?"

அவன் மறுபடி மாவைப் பிசையத் தொடங்கினான். கூடத்தில் மாமனார் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். கேட்டுவிட்டதால் கூட்டினாரா, கேட்கக் கூடாது என்று கூட்டினாரா என்பது அவனுக்குத் தெரியவில்லை.

பாகங்கள் விற்கிற கடை ஒரு குறுகலான மாடிப்படிக்கு மேலே இருந்தது. உள்ளே திறந்து கிடந்த கம்ப்யூட்டர்களுக்கு நடுவே, நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டபடி ஒரு பெண் உட்கார்ந்து ஒரு போர்டில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். கடை அவளுடையதுதான். கத்திரி சொன்னதைக் கேட்டுப் போர்டை எடுத்து வைத்தாள். பவர் சப்ளையைக் கையில் கொடுத்தாள். மாமனார் அதைத் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கே, நல்ல சாமான்தான்" என்றார்.

"சட்டியில இருந்தாத்தான் ஐயா அகப்பையில வரும். நாளைக்குப் பெரிய கார்டு போட்டாலும் இது தாங்கும்" என்றாள் அவள்.

பிராசஸர் வந்தது. செங்கல் அளவுக்கு ஒரு ஃபேன் வந்தது. கிராபிக்ஸ் கார்டைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துக்கொள்வதாகக் கத்திரி சொன்னான். கடைசியாக ராம். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு வகை இருந்தன. ஒன்று உறை பிரிக்காதது. இன்னொன்று எங்கிருந்தோ கழற்றி வந்தது, பேர் ஒட்டாதது, பாதி விலை. போர்டும் பவர் சப்ளையும் பையை ஏற்கெனவே காலி செய்திருந்தன. கத்திரி பேரில்லாததைக் காட்டினான்.

"ஆனையை வாங்கிட்டு அங்குசத்துல மிச்சம் பிடிக்கறீங்களே தம்பி."

"இப்போதைக்குத்தான் அக்கா. அடுத்த வேலை வந்ததும் நல்லதா மாத்திக்கறேன்."

"சாதாரண வேகத்துல ஓட்டினா ஒண்ணும் செய்யாது. ஏத்தி ஓட்டறதா இருந்தா ஒரு நாள் பூரா சோதனை புரோகிராமை ஓடவிடுங்க. சிவப்பு எழுத்து ஒண்ணு வந்தாலும் இறக்கிடணும்."

"வண்டிக்கு முடியலன்னா சத்தத்துலயே தெரிஞ்சிடுமே அம்மா" என்றார் மாமனார்.

"இது சத்தம் போடாது ஐயா."

மறுநாள் சாப்பாட்டு மேசையில் விரிப்பைப் போட்டு இருவரும் பூட்டினார்கள். பிராசஸரின் மேல் தடவ வேண்டிய பசையை மாமனார்தான் தடவினார். கடுகளவு எடுத்து, அட்டைத் துண்டால் ஒரு நூல் கனத்துக்கு வழித்துவிட்டார். "கிரீஸை அள்ளிப் பூசறவனுக்கு எங்க ஃபோர்மன் கையிலயே போடுவாரு" என்றார். திருகுகளைக் குறுக்குக்குறுக்காக, ஒரே சீராக முடுக்கினார். அவர் கை நடுங்கவில்லை. கத்திரி அதைக் கவனித்தான். சாப்பிடும்போது நடுங்குகிற கை அது.

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. திரை வந்தது. பிறகு வேகத்தைப் படிப்படியாக ஏற்றினார்கள். ஒரு கட்டத்தில் அப்படியே உறைந்து நின்றது. ஒரு படி இறக்கினார்கள், ஓடியது. பிராசஸர் முடிந்து ராமுக்கு வந்தார்கள்.

"இன்னும் ஒரு பல்லு ஏத்துங்க."

"போதும் மாமா."

"முக்காம ஓடுது பாருங்க. இன்னும் ஒண்ணு. மேட்டுக்குப் பயப்படாதீங்க."

கத்திரி இன்னும் ஒன்று ஏற்றினான். நின்றுபோகவில்லை. அவனுக்கும் உள்ளூர ஆசைதான். சோதனை புரோகிராமை ஓடவிட்டான். கறுப்புத் திரையில் எண்கள் ஓடின. சிவப்பு எதுவும் வரவில்லை. இருவரும் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார்கள், அப்போதும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டார். ஒரு வங்கிக்குப் பயிற்சிப் படம், ஐந்தாறு கேமராவில் எடுத்தது, வாரக் கடைசிக்குள் வேண்டும். முடியாதென்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்.

"முடியும் சார். இப்பவே ஆரம்பிச்சிடறேன்."

அவன் சோதனையை நிறுத்திவிட்டு வேலையைத் திறந்தான். மாமனார் பக்கத்திலேயே நின்றார். அவரும் தடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் பறந்தது. பழையதில் அரை நாள் இழுத்த வேலை ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. மாமனார் வந்து வந்து அதன் மேல் கைவைத்துச் சூடு பார்த்துவிட்டுப் போனார். அண்டை வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பூட்டினது" என்று காட்டினார். அந்தச் சில நாட்கள் வீட்டில் பேச்சு இருந்தது.

வங்கிப் படம் வர வர டிஸ்கில் இடம் போதவில்லை. புதுக் கம்ப்யூட்டரோடு வாங்கிய டிஸ்க் சின்னது. பெரிய டிஸ்க் அந்தப் பழையதுதான், அதை மனைவியின் படங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. பழைய கேமராக்களின் படங்கள் என்பதால் ஒவ்வொன்றும் பூதம் போல இடம் பிடித்தது. புது முறையில் மாற்றிவிட்டால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும், கண்ணுக்கு வித்தியாசமும் தெரியாது. தொழிலில் அவன் தினமும் செய்கிற காரியம்தான். இருந்தும் மாமனாரிடம் கேட்டான்.

"அவ படங்களைச் சின்ன அளவா மாத்திப் புது டிஸ்குல வச்சிடறேன் மாமா. பழைய டிஸ்க் வேலைக்கு வேணும்."

"தொலைஞ்சிடாதே?"

"தொலையாது."

மாற்றுகிற வேலை பகல் முழுக்க ஓடியது. கல்யாணம் ஆன வருடத்தில் தொடங்கி, தேதி வரிசையில் ஒவ்வொன்றாக மாறியது. அறை அடுப்படி போலச் சுட்டது. முடிந்ததும் கத்திரி முதல் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்தான். பளிச்சென்று இருந்தன. மொத்த எண்ணிக்கையும் சரியாக இருந்தது. மேனேஜர் அதற்குள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அவன் பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்து காலியாக்கி, வங்கிப் படத்தை அதில் ஏற்றினான்.

வங்கிப் படத்தைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலை மாமனார் தேநீரோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வேலை நெருக்கடியில் பல நாளாகப் படம் பார்க்கவில்லை.

"முடிவெட்டறதைப் போடுங்க."

கத்திரி போட்டான். பால்கனி வந்தது. துண்டு வந்தது. அவள் சீப்பை வாயில் கவ்விக்கொண்டு அப்பாவின் தலையைச் சாய்த்தாள். சீப்பை எடுத்துவிட்டுக் குனிந்தாள். அப்போது அவள் கன்னத்தில் ஒரு பச்சைச் சதுரம் தோன்றியது. அடுத்து இன்னொன்று. கண் இருந்த இடம், வாய் இருந்த இடம் எல்லாம் பச்சையும் சாம்பலுமாகச் சதுரம் சதுரமாகச் சிதறின. "ஆடாம" என்று தொடங்கிய குரல் தகரத்தைச் சுரண்டுகிற சத்தமாக மாறியது. பிறகு படம் அப்படியே நின்றது.

"என்ன ஆச்சு?"

"தெரியல மாமா. இருங்க."

வேறொன்றைத் திறந்தான். அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தாள், வந்த இடத்திலேயே கலைந்தாள். இன்னொன்று திறக்கவே இல்லை. இன்னொன்றில் படம் இல்லாமல் ஒரு கிறீச்சொலி மட்டும் வந்தது. கத்திரி பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தான். போகப் போகச் சதுரங்கள் குறைந்தன. கல்யாணமான முதல் இரண்டு மூன்று வருடப் படங்கள் மட்டும் முழுசாக இருந்தன. ஒல்லியாக, நீளமான பின்னலோடு, கேமராவைக் கண்டால் கூசுகிற பெண். இருவருக்கும் பழகிப்போயிருந்த அவள், கூசாமல் கேமராவைப் பார்த்து அதட்டுகிறவள், எங்கேயும் இல்லை.

மாமனார் எழுந்தார். தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். அடுக்களையில் அவற்றைக் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"வேணும்னுதானே பண்ணீங்க?"

"என்ன மாமா?"

"இடம் வேணும்னு. அடுத்ததுக்கு இடம் வேணும்னு அன்னைக்கே சொன்னீங்களே. உங்க அக்கா பேசினதும் என் காதுல விழுந்துச்சு. புதுசா ஒருத்தி வர்ற வீட்டுல இவ எதுக்கு? நேரா என்கிட்ட சொல்லியிருக்கலாம். அந்த டிஸ்கைத் தூக்கிட்டு நான் எங்கயாவது போயிருப்பேனே."

கத்திரி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "அவ எனக்கும் பொண்டாட்டிதான் மாமா."

"பொண்டாட்டி வேற கிடைப்பா. எனக்கு வேற மக கிடைப்பாளா?"

அதற்கு மேல் கத்திரியால் தாங்க முடியவில்லை. "ஏத்துங்க ஏத்துங்கன்னு சொன்னது யாரு? போதும்னு நான் சொன்னேனா இல்லையா? டிப்போவுல பறக்கவிட்டேன், மேட்டுக்குப் பயப்படாதேன்னு பக்கத்துல நின்னு உசுப்பேத்தினது யாரு?"

இரண்டு பேருமே சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்கள். கொட்டின பாலை அள்ள முடியாது. மாமனார் தட்டோடு எழுந்து போனார். அந்த வீட்டில் அடுத்த சில நாட்கள் பாத்திரங்கள்தான் பேசின.

கத்திரி பழைய டிஸ்கை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினான். கடைக்காரப் பெண் அதை மாட்டி நெடுநேரம் பார்த்தாள். திரையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினாள்.

"வெறும் ஃபார்மேட் மட்டும் பண்ணியிருந்தா கொஞ்சமாவது தோண்டி எடுத்திருக்கலாம். மேலயே எழுதிட்டீங்களே தம்பி."

"வேற யார்கிட்டயாவது கொண்டுபோனா?"

"கொண்டுபோங்க. காசு வாங்கிட்டு இதையேதான் சொல்வாங்க."

கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொல்லி அவளே சோதனை ஓடவிட்டாள். முதலில் ஒன்றும் இல்லை. சூடு ஏறிய பிறகு ஒரு சிவப்பு வரி வந்தது. பிறகு நிற்காமல் வரிசையாக வந்தன. இரண்டு ராமில் ஒன்று பழுது. "முதல்ல மாத்தினதெல்லாம் ஏன் நல்லா இருக்குன்னு இப்பப் புரியுதா? சூடாக ஆக இது தப்புத்தப்பா எழுதிக் கொடுத்திருக்கு. கம்ப்யூட்டருக்கு அது தப்புன்னே தெரியாது, வாங்கி வச்சுக்கிச்சு." அவள் அவனைக் குறை சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னதை இப்போது சொல்லிக்காட்டவும் இல்லை. நல்ல ராம் இரண்டை எடுத்து அவளாகவே மாட்டிவிட்டு, "காசு மெதுவா கொடுங்க" என்றாள்.

பழுதான அந்தச் சின்னப் பச்சைப் பட்டையைக் கத்திரி வீட்டுக்குக் கொண்டுவந்தான். மாமனார் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். அதை அவர் கையில் வைத்து, கடைக்காரப் பெண் சொன்னதையெல்லாம் சொன்னான். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கருகலோ கீறலோ எதுவும் இல்லை.

"ஒரு வால்வு போச்சுன்னா வண்டியே குலுங்கும் மாப்பிள்ளை. ஆள் இறங்கிப் பார்ப்பான். இது என்ன எழவு, கடைசிவரைக்கும் நல்ல பிள்ளை மாதிரியே ஓடியிருக்கு."

"நான் வேணும்னு பண்ணல மாமா."

"தெரியுது." அவர் அந்தப் பட்டையைத் திண்டின்மேல் வைத்தார். "அன்னைக்கே தெரியும். யாரையாவது கடிக்கணும்னு இருந்துச்சு, கடிச்சிட்டேன்." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லுங்க. அன்னைக்கு அந்தச் சோதனையை நிறுத்தினீங்களே, அப்ப அவளைப் பத்தி ஒரு நொடியாவது நினைச்சீங்களா?"

கத்திரி பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல" என்றான்.

"நானும்தான் பக்கத்துல நின்னேன். நானும் நினைக்கல. வண்டி பறக்குதுங்கற சந்தோஷத்துல அவ செத்ததையே ரெண்டு மூணு நாள் மறந்துட்டேன். சோறு ருசியா இருந்துச்சு. அதான் எனக்கு ஆற மாட்டேங்குது."

சண்டை அத்தோடு தீர்ந்தது. ஆனால் வீடு பழையபடி ஆகவில்லை. காலையில் அவர் தேநீர் போட்டார், முன்னறைக்கு வரவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, மகள் வாயால் கேட்ட சொல் "காது போயிடும்" என்பதா, "காதை அறுத்துடுவேன்" என்பதா என்று பேச்சு வந்தது. இவர் ஒன்றைச் சொன்னார், அவன் ஒன்றைச் சொன்னான். எத்தனையோ தடவை பார்த்த படம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, பேச்சை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் அவர் தன் துணிமணிகளை ஒரு பெட்டியில் அடுக்கினார். டிப்போவில் கூட வேலை பார்த்த கண்டக்டர் ஒருவர் மூன்றாவது மாடியில் ஓர் அறையில் தனியாக இருக்கிறார், அவரோடு தங்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

"இங்க என்ன குறை மாமா?"

"ஒரு குறையும் இல்ல. நீங்க நல்லவர்தான். ஆனா உங்களைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பச்சைக் கட்டம்தான் தெரியுது. உங்களுக்கும் என்னைப் பாத்தா அப்படித்தான் இருக்கும். சும்மா சொல்லாதீங்க."

அவன் சும்மாகூடச் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தான், ஆட்டோ பிடித்துக் கொடுத்தான். வண்டி திரும்பிய பிறகு அவனுக்கு முதலில் தோன்றியது ஒரு நிம்மதி. அதற்காகப் பிறகு வெகுநாள் தன்னையே வெறுத்தான்.

வேலை குவிந்தது. சம்பாத்தியம் வந்தது. காலியாகக் கிடந்த குழிகளில் ராமைப் போட்டான், பெரிய பிராசஸரும் அதே போர்டில் சிக்கலில்லாமல் உட்கார்ந்தது. திட்டம் போட்டபடியே எல்லாம் நடந்தது. வேகத்தை மட்டும் அவன் ஏற்றவே இல்லை, கம்பெனி வைத்த இடத்திலேயே விட்டுவிட்டான். முழுசாக மிஞ்சிய அந்தச் சில படங்களை நாலு இடங்களில் பிரதி எடுத்து வைத்தான். ஆனால் திறந்து பார்க்கவில்லை. அதில் இருந்த பெண்ணை அவனுக்கு அவ்வளவாகத் தெரியாது.

ஒருநாள் அக்காவிடம் சரி என்றான். அதை மாமனாரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று கிளம்பிப் போனான். மூன்று மாடி ஏறினான். அறையில் இரண்டு கட்டில்கள், நடுவே ஒரு மேசை. மாமனாரும் கண்டக்டரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மாமனாரின் முடி காதுக்கு மேல் வளர்ந்து தொங்கியது.

"யாருப்பா?" என்றார் கண்டக்டர்.

மாமனார் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வீட்டுக்காரர்" என்றார்.

என் மகள் வீட்டுக்காரர் என்று சொல்ல வந்தவர் பாதியை விழுங்கிவிட்டாரா என்று கத்திரிக்குத் தெரியவில்லை. கண்டக்டர், நண்பர் முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளர் என்றே எடுத்துக்கொண்டார். "வாங்க, உக்காருங்க. நீங்களாவது பரவாயில்ல, குடியிருந்தவரைத் தேடி வந்திருக்கீங்க. இங்க ஒருத்தன் இருக்கான், குழாய் ஒழுகுதுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்" என்று அந்தக் கட்டடத்து உரிமையாளரைப் பற்றி விலாவாரியாகப் புலம்பினார். மாமனார் திருத்தவில்லை. கத்திரியும் திருத்தவில்லை. குழாயைப் பற்றிக் கேட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். மாமனார் தேநீர் போட்டுக் கொடுத்தார். குடித்தான்.

கிளம்பியபோது அவர் படிக்கட்டு வரை வந்தார்.

"சரின்னுட்டீங்களா?"

"ம்."

"நல்லது. அந்தப் பொண்ணுக்கு என்னைப் பத்தித் தெரியுமா?"

"சொல்லியிருக்கேன்."

"சொல்ல வேண்டியதில்ல." கைப்பிடிச் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார். "அந்தப் பொண்ணையும் படம் எடுப்பீங்களா?"

"இல்ல மாமா. எடுக்க மாட்டேன்."

"ஏன்? எடுங்க." கோபமா, இளக்காரமா, ஆசியா என்று பிரிக்க முடியாத குரலில் சொன்னார். "எடுத்து ஒரே இடத்துல வைக்காதீங்க."

உள்ளே கண்டக்டர் சீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார். மாமனார் திரும்பிப் போனார். கதவு சாத்திய பிறகும் கத்திரி கொஞ்ச நேரம் படியிலேயே நின்றான். கீழ்மாடியில் யாரோ தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் இறங்கிப் போனான்.